பலூனில் ஏறி மணவாளக்குறிச்சியில் இறங்கினேன்: உங்கள் கலைக்களஞ்சிய இரவுகளைச் சொல்லுங்கள்

பின்னிரவு வாசகி (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் ஊர்த் திருவிழாவில் என் மகளுக்கு ஒரு காஸ் பலூன் வாங்கிக்கொடுத்தேன். தேர் நிலைக்கு வருவதற்குள் நூல் கைநழுவிப் பலூன் கோபுரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அழுகை ஓய்ந்த பிறகு இரண்டு கேள்விகள் கேட்டாள். அது எதுவரை போகும்? அதற்குள்ளே என்ன இருந்தது? அவளுக்கு வயது ஏழு. இரண்டாவதற்கு மட்டும் "ஹீலியம்" என்று விடை சொல்லித் தூங்கவைத்தேன். முதல் கேள்விக்கு விடை தேடலாம் என்று இரவு ஒன்பதரைக்கு விக்கிப்பீடியாவைத் திறந்தேன். மூடியபோது மணி ஒன்று பத்து.

போன வழி இது. ஹீலியம் கட்டுரையில் 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணம் என்று ஓர் இணைப்பு இருந்தது. அன்று முழு கிரகணத்தின் பாதை குண்டூர் வழியாகப் போயிருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே பிரான்சிலிருந்து ஜூல் ஜான்சென் என்பவர் கப்பலேறி வந்திருக்கிறார். அதே பாதை வங்கக்கடலைத் தாண்டிச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போகிறது. அங்கே மோங்குட் மன்னர் அந்தக் கிரகணத்தைத் தாமே கணித்துச் சொல்லி, வெளிநாட்டு விருந்தினர்களையும் வா கோ என்னும் கடலோரக் கிராமத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கணக்குத் தப்பவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் பிடித்த மலேரியா அவரை விடவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி இறந்துவிட்டார். இங்கேயே அரைமணி நேரம் போயிற்று.

திரும்பிவந்து வேறு இணைப்பில் ஏறினேன். ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல், 1937 மே 6, அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்ட். 97 பேர் பயணம் செய்த கப்பல் தரையிறங்கும் நேரத்தில் பற்றி எரிந்து, தரையில் நின்றிருந்த ஒருவரையும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். ஹீலியம் நிரப்பியிருந்தால் எரிந்திருக்காது. அமெரிக்கா ஹீலியத்தை வெளியே விற்க மறுத்ததால் ஜெர்மானியர்கள் ஹைட்ரஜனை நிரப்பியிருந்தார்கள். சரி, அமெரிக்காவிடம் மட்டும் எப்படி அவ்வளவு ஹீலியம்? நிலத்தடியில். நிலத்தடிக்கு எப்படி வந்தது? யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளியேறும் ஆல்ஃபா துகள்தான் ஹீலியம் ஆகிறது. தோரியம் எங்கே இருக்கிறது? மோனசைட் மணலில். மோனசைட் எங்கே? கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சி.

என் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் பக்கத்து ஊர்! சிறுவயதில் அந்தக் கடற்கரையில் கால் வைத்திருக்கிறேன். மணல் கறுப்பாக இருக்கிறது என்று அம்மா என்னை உட்காரவே விடவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா? எங்கே தொடங்கினீர்கள், எங்கே போய் நின்றீர்கள்?

கரும்பலகை

அம்மா, முதலில் ஒரு சிறு இடையூறு. மேல்நிலை வகுப்புக்கு முப்பது ஆண்டுகள் வேதியியல் எடுத்தவன். உங்கள் மகளின் பலூனில் ஹீலியம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் திருவிழாக்களில் விற்கும் காஸ் பலூன்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரஜன். காஸ்டிக் சோடாக் கரைசலில் அலுமினியத் துண்டுகளைப் போட்டால் வந்துவிடும், செலவு குறைவு. நெருப்புப் பொறி பட்டால் பலூன் தீப்பிழம்பாகிவிடும். அடுத்த முறை கற்பூரம் ஏற்றும் இடத்தில் குழந்தையைப் பலூனோடு நிற்க விடாதீர்கள். ஹிண்டன்பர்க் வரை போனீர்களே, அது உங்கள் கையிலேயே நூல் கட்டிப் பறந்துகொண்டிருந்தது.

எதுவரை போகும் என்ற கேள்விக்கு விடை: மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், பலூன் விரிந்துகொண்டே போகும், ரப்பர் தாங்காத உயரத்தில் வெடிக்கும். வானிலை ஆய்வுக்கு விடும் பெரிய பலூன்கள் 30 கிலோமீட்டர் உயரம்கூடப் போய் வெடிக்கின்றன. திருவிழாப் பலூன் அதற்கு வெகு முன்னதாகவே வெடித்துவிடும். உள்ளே இருந்த வாயு மட்டும் மேலேயே உலவும். ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டுமே மிக லேசானவை என்பதால் வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து சிறிது சிறிதாக விண்வெளிக்கே தப்பிப் போகின்றன.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் இளமையில் இந்த நடை நூலகத்தில் நடந்தது. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதிகள். முதல் தொகுதி 1954இல் வந்தது. அதில் இணைப்பைச் சொடுக்க முடியாது. ஐந்தாம் தொகுதியில் ஒரு சொல்லுக்காக எட்டாம் தொகுதியை எடுக்க எழுந்து போக வேண்டும். அதை வேறு யாராவது வைத்துக்கொண்டிருப்பார். காத்திருக்கும் நேரத்தில் கையில் இருக்கும் தொகுதியில் பக்கத்துப் பக்கத்தைப் படிப்பேன். அகரவரிசைதான் என் இணைப்பு. இன்று அந்தத் தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன. தாளின் மணம்தான் கிடைக்காது.

மூன்றாம் முயற்சி

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயரிலிருந்தே நிலைமை புரியும். இழையின் போக்கைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும், ஹீலியம் என்றதும் நெஞ்சு எரிகிறது. என்னிடம் மூன்று பொது அறிவு வழிகாட்டிகள் இருக்கின்றன. "ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர்" என்ற வரிக்கு எதிரே ஒன்றில் ஜான்சென், ஒன்றில் லாக்யர், ஒன்றில் ராம்சே. மூன்றும் போன மாதம் வாங்கியவை. ஐயா, ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். கதை வேண்டாம்.

கரும்பலகை

தம்பி, கதை இல்லாமல் இதற்கு விடை இல்லை. பொறுமையாகப் படி.

கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் செந்நிறத் தழல்கள் தெரியும். அவை என்ன என்று 1868க்கு முன் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. குண்டூரில் ஜான்சென் அந்தத் தழல்களை நிறமாலைமானி வழியாக, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி வழியாகப் பார்த்தார். பிரகாசமான கோடுகள் தெரிந்தன. ஒளிரும் வாயுதான் அப்படித் தனித்தனிக் கோடுகளைத் தரும். அப்படியானால் அது வாயு. கோடுகள் எவ்வளவு பளிச்சென்று இருந்தன என்றால், "கிரகணம் இல்லாமலேயே இவற்றைப் பார்த்துவிடலாமே" என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் பார்த்தும் விட்டார். அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். அதன்பிறகு தழலைப் பார்க்க எவரும் கிரகணத்துக்காகக் கப்பலேற வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணத்துக்கு வரவே இல்லை. வீட்டிலிருந்தபடி அதே முறையைத் தனியாகக் கண்டறிந்து, அக்டோபர் 20ஆம் தேதி தழலைப் பார்த்தார். இருவருடைய செய்திகளும் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரே நாளில் படிக்கப்பட்டன. பிரெஞ்சு அரசு பின்னர் இருவர் முகத்தையும் பொறித்து ஒரே பதக்கம் அடித்தது. மூன்று வழிகாட்டிகளில் இரண்டின் சண்டைக்கு மூலம் அந்தப் பதக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஹீலியத்துக்கு வா. தழலில் தெரிந்த கோடுகளில் ஒன்று மஞ்சள். சோடியமும் மஞ்சள் நிறத்தில்தான் இரட்டைக் கோடு தரும்: 589.0, 589.6 நானோமீட்டர். சூரியனில் தெரிந்தது 587.6. மயிரிழை வேறுபாடு. அன்று இந்தியாவில் பார்த்தவர்களில் பலர் அதைச் சோடியம் என்றே எண்ணிக் கடந்துவிட்டார்கள். அது சோடியம் இல்லை என்று விடாமல் பிடித்துக்கொண்டவர் லாக்யர். டி3 என்று பெயரிட்டு, வேதியியலாளர் ஃபிராங்க்லாந்தோடு சோதனைக்கூடத்தில் எந்தெந்த வாயுவையோ சூடாக்கிப் பார்த்தும் அந்தக் கோட்டைப் பெற முடியவில்லை. ஆகவே பூமியில் அறியப்படாத தனிமம் என்று முடிவு செய்து, சூரியனுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்றார். உலோகமாக இருக்கும் என்று நினைத்ததால்தான் சோடியம், பொட்டாசியம் போல "இயம்" ஒட்டியது. அதன் உடன்பிறப்புகளைப் பார்: நியான், ஆர்கான், கிரிப்டான், செனான். இது ஒன்றுதான் உலோகப் பெயரோடு வாயுக்களின் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு பயலும் "ஏன் சார்?" என்று கேட்டதில்லை.

1895இல் வில்லியம் ராம்சே, கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் இட்டு வந்த வாயுவைச் சோதித்தார். அவர் தேடியது ஆர்கானை. கிடைத்தது டி3 கோடு.

ஆகவே "சூரியனில்" என்று கேட்டால் லாக்யர். "பூமியில் பிரித்தெடுத்தவர்" என்றால் ராம்சே. வெறுமனே "கண்டுபிடித்தவர்" என்று கேட்டால், முதலில் கேள்வி தயாரித்தவர் எந்த வழிகாட்டியைப் படித்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாம் முயற்சி

நன்றி ஐயா. கதை வேண்டாம் என்றுதான் தொடங்கினேன். "இயம்" விஷயம் இனி செத்தாலும் மறக்காது.

கல்லூரிச் சாலை

கிரகணம் பேச்சு வந்ததால் என் பங்கு. நான் போனது எதிர்த் திசையில். என் தொடக்கம் சூரியன் இல்லை, ஒரு கல்தூண்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் 15 அடி உயரத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கிக் கருவியைத் தாங்கிய தூண். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் அறிய வேண்டும் என்று, கணித அறிவியலை ஆசியாவில் நட்டது பிரிட்டிஷாரின் தாராள மனம் என்று பொறித்திருக்கிறார்கள். ஆரியபட்டர் படித்திருந்தால் சிரித்திருப்பார்.

அந்தத் தூணைப் பற்றிப் படிக்கப் போய், நார்மன் பாக்சன் என்னும் மனிதரிடம் மாட்டிக்கொண்டேன். 1861இல் இங்கே வானியலாளராக வந்தார். வந்த ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்குப் பெயரே ஆசியா. 1866இல் சில்வியா. அதற்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2005இல்தான் உறுதியாயிற்று. சில்வியா என்றால் ரோமக் கதையில் ரியா சில்வியா, ஆகவே நிலாக்களுக்கு அவளுடைய இரட்டைப் பிள்ளைகளான ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர். நுங்கம்பாக்கத்தில் பிறந்த குடும்பம்!

விண்மீன்களின் பிரகாச அளவில் ஒவ்வொரு படிக்கும் 2.512 மடங்கு வேறுபாடு என்று இன்று உலகமே பயன்படுத்தும் கணக்கும் பாக்சனுடையதுதான். அது இங்கு வருவதற்கு முன் 1856இல் சொன்னது. 1868 கிரகணத்தை மசூலிப்பட்டினத்தில் பார்த்தார். அந்த மஞ்சள் கோடு அவர் கண்ணிலும் பட்டது. சோடியக் கோட்டின் இடத்திலோ அதன் அருகிலோ என்று குறித்து வைத்தார். "அருகிலோ" என்ற அந்த ஒரு சொல்லை அவர் பிடித்துக்கொண்டு போயிருந்தால், மூன்றாம் முயற்சித் தம்பிக்கு நான்காவது பெயரும் சேர்ந்திருக்கும்.

அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் பாக்சன் அதே வானாய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். 1886இல் அவர் பெயரை லண்டன் அரச வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தபோது, விதிகளில் "அவன்" என்றுதான் இருக்கிறது, பெண்ணுக்கு இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். 1920இல் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள்.

நம்மவர் ஒருவரும் இருக்கிறார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதே வானாய்வகத்தில் உதவியாளர். 1867இல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப் போகிறது என்று, பொதுமக்கள் படிப்பதற்காக நம் மொழிகளில் சிறு நூல் எழுதினார். அவரைப் பற்றிய பக்கத்தைப் படித்த அன்று எனக்கு இரவு உணவு மறந்துவிட்டது.

நேர்கோடு

எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள். கெடுக்க வந்திருக்கிறேன்.

இதற்குத் தமிழில் ஒரு பழைய பெயர் இருக்கிறது: நுனிப்புல் மேய்தல். மூன்றரை மணி நேரத்தில் சயாம் மன்னர், ஆகாயக் கப்பல், தோரியம். ஒன்றிலாவது வேர் வரை போனீர்களா? நிறமாலைமானி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? சில்வியாவுக்கு நிலா இரண்டு என்று தெரிந்ததால் யாருக்கு என்ன பயன்? நல்ல நூல் ஒன்றை எடுத்து அதே மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நாற்பது பக்கம் போயிருக்கும்.

இரண்டாவது, இந்தக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். கோவாவில் பிச்சோலிம் போர் என்று 1640களில் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியருக்கும் நடந்ததாக ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. நல்ல கட்டுரை என்ற தகுதியும் கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு போரே நடக்கவில்லை. முழுக் கற்பனை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. கரும்பலகை ஐயா சொன்ன பத்துத் தொகுதிகளில் இது நடந்திருக்குமா?

மணல்தொட்டி

நேர்கோடு அவர்களுக்கு. தமிழ் விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகளாகக் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். ("மணல்தொட்டி" என்பது அங்கே புதியவர்கள் எழுதிப் பழகும் பக்கத்தின் பெயர். நான் இன்னும் அங்கேயே இருப்பதாக மனைவி சொல்வார்.)

பிச்சோலிம் கதை முழுக்க உண்மை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2007இல் எழுதப்பட்டது, 2012 டிசம்பரில் நீக்கப்பட்டது. எப்படி விழுந்தது தெரியுமா? ஒரு பயனர் கட்டுரையைப் படிக்கவில்லை, அடியில் காட்டிய நூல்களைத் தேடினார். அந்த நூல்களே இல்லை. இந்த வேலையை முதல் நாளிலேயே எவராவது செய்திருக்கலாம். பிழை எங்கே என்றால், நூல் பெயரைப் பார்த்ததும் நாம் எல்லோரும் மரியாதையோடு கடந்துவிடுகிறோம்.

நான் ஒரு பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்ப்பது வரலாறு. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். அடுத்தது உரையாடல் பக்கம். கட்டுரை சாந்தமாக இருக்கும். உரையாடல் பக்கத்தில் குழாயடிச் சண்டை நடக்கும். எந்த வரியில் சண்டையோ அந்த வரிதான் படிக்கத் தகுந்தது. ஜான்செனா லாக்யரா என்பது போன்ற வரி. அச்சுக் கலைக்களஞ்சியத்திலும் பதிப்பாசிரியர்கள் சண்டை போட்டிருப்பார்கள், அது அவர்கள் அறையோடு போயிற்று. 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அந்த ஆய்வு முறையைக் கடுமையாக மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிழையே இல்லாத களஞ்சியம் என்று ஒன்று இல்லை.

எங்கள் குறையையும் மறைக்கவில்லை. தமிழில் பல பக்கங்கள் குறுங்கட்டுரையாகவே நிற்கின்றன. எண்ணிக்கையைக் கூட்டுவதில் பெருமை இல்லை. பிலிப்பைன்சின் செபுவானோ மொழியில் தானியங்கி ஒன்று பல இலட்சக்கணக்கான கட்டுரைகளை எழுதித் தள்ளி, அந்த விக்கிப்பீடியாவை எண்ணிக்கையில் உலகின் முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டது. படிக்க ஆள் வேண்டாமா?

ஒரு விண்ணப்பம். தேடும்போது "ஹீலியம்" என்று மட்டும் தேடாதீர்கள், "ஈலியம்" என்றும் தேடுங்கள். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் ஆலமரத்தடியில் (விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசும் பக்கம்) நடந்த விவாதங்களைத் தொகுத்தால் தூரனின் பத்துத் தொகுதிகளுக்கு வரும்.

பனங்கூடல்

ஈலியம் என்றால் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளியில் படித்ததே ஈலியம்தான். ஐதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று உயர்தரம் வரை படித்துவிட்டுச் சென்னையில் ஒரு வேதியியல் நூலைத் திறந்தபோது வேறு கிரகத்தில் இறங்கியது போல இருந்தது. இரண்டு கரையின் சொல்லும் ஒரே பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருக்கும் இடம் தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் அது முளைவிட்ட காலத்தில் தனி ஆளாக உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாக எழுதி வளர்த்த மயூரநாதன் எங்கள் வண்ணார்பண்ணையில் பிறந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நேர்கோடு

மணல்தொட்டி, நூல்களைத் தேடியவர் கதை எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். நுனிப்புல் பற்றிய குற்றச்சாட்டை மட்டும் திரும்பப் பெறவில்லை.

கருமணல்

அக்கா, மணவாளக்குறிச்சிக்கு வந்துவிட்டு உள்ளே வராமல் போய்விட்டீர்களே! நான் அந்தப் பக்கத்துக்காரன். நேர்கோடு அண்ணன் வேர் வரை போகச் சொல்கிறார், எங்கள் ஊரில் வேர் மணலிலேயே இருக்கிறது.

மின்சாரம் வராத காலத்துக் கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போவார்களே, பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதன் உயிர் மேண்டில். பட்டுப்பை போலக் கட்டி முதல் முறை கொளுத்தினால் துணி எரிந்துபோய்ச் சாம்பல் கூடு மட்டும் நிற்கும். அதுதான் பிறகு வெள்ளையாக ஒளிரும். விட்டில் பூச்சி ஒன்று மோதினாலும் உதிர்ந்துவிடும். அந்தத் துணி தோரியம் நைட்ரேட்டில் தோய்த்தது, கூடவே ஒரு விழுக்காடு அளவு சீரியம். இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் அவுவர் வான் வெல்ஸ்பாக். ஐரோப்பாவின் தெருவிளக்குகள் எல்லாம் மேண்டிலுக்கு மாறியதும் தோரியத்துக்கு அலைந்தார்கள்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். மஞ்சள் கலந்த மின்னும் மணிகள். மோனசைட். கயிறு எங்கிருந்து வந்தது என்று விசாரித்து எங்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் இணைப்பைச் சொடுக்கவில்லை, கயிற்றைப் பிடித்து வந்தார். அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்தோம். இன்றும் ஊரில் அரசின் அருமணல் ஆலை இருக்கிறது.

ஹீலியம்? அந்த மணலுக்குள்தான். ஒரு தோரியம் அணு சிதைந்து சிதைந்து காரீயமாகி ஓய்வதற்குள் ஆறு ஆல்ஃபா துகள்களை வெளியேற்றும். ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தில் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டால் ஒரு ஹீலியம் அணு. அவசரமே இல்லை, இருக்கும் தோரியத்தில் பாதி தீர 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஹாலந்தில் காமர்லிங் ஓனெஸ் 1908 ஜூலை 10ஆம் தேதி முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினாரே, அவருக்கு வேண்டிய வாயு வந்தது மோனசைட் மணலிலிருந்துதான். எங்கள் மணல் இல்லை, அமெரிக்க மணல். அதற்கு மறு ஆண்டுதான் எங்கள் ஊரை ஷோம்பெர்க் கண்டார். ஓராண்டில் போய்விட்டது புகழ்.

சித்தி ஊர் எது அக்கா? குளச்சலா, மண்டைக்காடா?

பின்னிரவு வாசகி

மண்டைக்காடு. உங்கள் பதிவைச் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மேண்டில் உதிரக்கூடாது என்று விளக்கு தூக்குபவரை ஓடவிடாமல் மெதுவாக நடக்கச் சொல்வார்களாம். ஊர்வலம் நள்ளிரவு தாண்டியதற்குக் காரணம் அதுதான் என்கிறார். நம்பலாமா என்று தெரியவில்லை.

கரும்பலகை ஐயா, பலூன் ஹைட்ரஜனாக இருக்கும் என்று மகளிடம் திருத்திச் சொன்னேன். "அப்போது நீ பொய் சொன்னாயா?" என்று கேட்டாள். தெரியாமல் சொன்னேன் என்றேன். வெடித்துவிடும் என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நேர்கோடு அவர்களே, நீங்கள் சொன்னது உறைத்தது. நிறமாலைமானி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாதுதான். நேற்றிரவு அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்தேன், எந்த இணைப்பையும் தொடாமல். பழைய குறுந்தகடு ஒன்றை எடுத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாய்த்தேன். வானவில் தொடர்ச்சியாக வந்தது. சுடரில் உப்பைத் தூவியதும் மஞ்சள் மட்டும் எழுந்து நின்றது. அது சோடியம். லாக்யருக்குப் பிடிபட்ட மயிரிழை வேறுபாடு என் குறுந்தகட்டில் எங்கே தெரியப் போகிறது! ஆனால் 589க்கும் 587க்கும் நடுவே ஒரு மனிதர் ஏன் அவ்வளவு நாள் உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

நேர்கோடு

உப்பு தூவியதைப் படித்தேன். இதற்கு மேல் வாதாடினால் அடம் ஆகிவிடும். குறுந்தகட்டை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மெல்லிய பிளவு ஒன்று வெட்டிப் பாருங்கள், கோடு இன்னும் கூர்மையாகும். நான் கல்லூரியில் செய்திருக்கிறேன்.

கல்லூரிச் சாலை

ஆக, நேர்கோடும் வளைந்துவிட்டது.

மூன்றாம் முயற்சி

நாளை காலை ஒன்பதரைக்கு மாதிரித் தேர்வு. இப்போது மணி ஒன்றே முக்கால். ரகுநாதாச்சாரி பக்கத்தைப் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று போனேன். அங்கிருந்து வெள்ளிக் கடப்பு, அங்கிருந்து அதைப் பார்க்கவே இந்தியாவுக்கு வந்து 1761இல் கடலில் மாட்டிக்கொண்டு, அடுத்ததற்காக எட்டு ஆண்டு காத்திருந்து, 1769இல் புதுச்சேரியில் மேகம் மூடி ஒன்றும் பார்க்காமல் போன லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சுக்காரர். எட்டு ஆண்டுகள் ஐயா! ஊருக்குத் திரும்பினால் இறந்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போட்டிருந்தார்களாம். மூன்றாம் முயற்சி என்று நான் புலம்பிக்கொண்டிருக்கிறேன். யாராவது என்னை வெளியே போகச் சொல்லுங்கள்.

மணல்தொட்டி

போய்ப் படுங்கள் தம்பி. லெ ஜாந்தீ எங்கேயும் போக மாட்டார், அவருக்குக் காத்திருந்து பழக்கம். தேர்வு முடிந்து வந்து அவருடைய தமிழ்ப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மெலிந்திருந்தால் மணல்தொட்டியில் தொடங்குங்கள், நான் உரையாடல் பக்கத்தில் இருப்பேன்.